மொழித்தரவுகளுக்கான சிக்கனச் சேமிப்பு வழங்கி: அமைப்பும் ஆளுகையும்

1. முன்னுரை

மொழியாய்வாளரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் இன்று சேர்ந்துள்ள தரவுகளுள் பெரும்பகுதி எண்முறைக் கோப்புகளாகவே உள்ளது. களப்பணியில் பதிந்த ஒலி, அதன் எழுத்துப்பெயர்ப்பு, சொற்பட்டியல், ஒளிவருடிய நூற்பக்கம், மொழிபெயர்ப்பு நினைவகம், கலைச்சொல் தொகுப்பு ஆகியன இவற்றுள் அடங்கும். இவை ஒரு மடிக்கணினியிலும் இரண்டு மூன்று புற வன்தட்டுகளிலும் சில பென்டிரைவ்களிலுமாகச் சிதறிக் கிடப்பதே பொதுவான நிலை. எது முதற்பதிவு, எது திருத்திய படி என்பது சில ஆண்டுகளில் உரியவருக்கே தெளிவில்லாமற் போகிறது.

இச்சிதறலால் நேரும் இழப்பு மற்றத் துறைகளின் இழப்பைப் போன்றதன்று. அந்தமானில் வழங்கிய போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அவர் குரலில் முன்னர்ப் பதியப்பட்டவை மட்டுமே இனி அம்மொழியின் ஒலிச்சான்று. மீண்டும் சென்று பதிய வழியில்லை. 2018 செப்டம்பர் 2 அன்று இரியோ டி செனீரோ நகரிலுள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானபோது, அங்கிருந்த பழங்குடி மொழி ஆவணங்களும் அழிந்தன. பிறிதோரிடத்தில் படி இருந்தவையே எஞ்சின.

பெரிய ஆவணக் காப்பகங்களில் தரவுகளை ஒப்படைப்பதே முடிந்த முடிபு என்பதில் ஐயமில்லை. எனினும், களத்திலிருந்து திரும்பிய நாளுக்கும் காப்பகத்தில் ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவதுண்டு. மொழிபெயர்ப்பாளரின் தரவுகளுக்கோ அத்தகைய காப்பகமே பெரும்பாலும் இல்லை. இந்த இடைக்காலத்தில் தரவுகளை வீட்டிலேயே ஒழுங்காகப் பேணுவதற்குரிய, விலை குறைந்த, மின்செலவு குறைந்த சேமிப்பு வழங்கி ஒன்றை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கருவியில் சிக்கனம் காட்டலாம், படிகளின் எண்ணிக்கையிலும் சரிபார்த்தலிலும் சிக்கனம் காட்டலாகாது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

2. சொல்லும் பொருளும்

கணினித் துறையில் ஒரு கணினி பிற கணினிகளின் வேண்டுகோளை ஏற்றுத் தரவையோ பணியையோ அளிக்குமாயின், அதனைச் 'சர்வர்' என்பர். தமிழில் 'சேவையகம்', 'வழங்கி' என்னும் இரு சொற்களும் இதற்கு வழங்குகின்றன. 'சேவையகம்' என்பதிலுள்ள 'அகம்' ஓர் இடத்தையோ நிறுவனத்தையோ நினைவூட்டுகிறது. 'வழங்கி' என்பது செயலைச் செய்யும் கருவியையே சுட்டுவதால் இங்கு அச்சொல் ஆளப்படுகிறது.

சேமிப்பு வழங்கி என்பது வீட்டின் உள்வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒரு சிறு கணினி. அதற்குத் திரையும் விசைப்பலகையும் வேண்டுவதில்லை. வன்தட்டுகளை இணைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள மற்றக் கணினிகள் அனைத்தும் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் இடந்தருவதே அதன் பணி. புற வன்தட்டினின்று இது மூன்று வகையில் வேறுபடுகிறது. பல கணினிகள் ஒரே காலத்தில் இதனை அணுகலாம். இது தானே குறித்த நேரத்தில் படியெடுக்கும். தன்னிடமுள்ள கோப்புகள் சிதைந்துள்ளனவா என்பதனை இதுவே சோதிக்கவும் வல்லது.

3. தரவின் அளவு

கருவியைத் தேர்வதற்கு முன் தரவின் அளவைக் கணித்தல் வேண்டும். களப்பணியில் பரவலாகப் பின்பற்றப்படும் தரத்தில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட்டுகள், இரு தடங்கள் என்னும் அளவில், சுருக்கமுறாத ஒலிப்பதிவு நொடிக்கு 2,88,000 பைட்டுகளைக் கொள்ளும். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1.04 ஜிகாபைட் ஆகும். நொடிக்கு 25 மெகாபிட் வீதமுள்ள ஒளிப்பதிவு மணிக்கு 11.25 ஜிகாபைட் கொள்ளும். ஏ4 அளவுப் பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் முழுவண்ணத்தில் ஒளிவருடினால், சுருக்காத நிலையில் ஒரு பக்கம் 26 மெகாபைட்டாகும்; 300 பக்க நூலொன்று 7.8 ஜிகாபைட் அளவினதாகும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆய்வாளரிடம் 200 மணி நேர ஒலிப்பதிவும், 40 மணி நேர ஒளிப்பதிவும், ஒளிவருடிய 20 நூல்களும் உள்ளன எனக் கொள்வோம். இவை முறையே 208, 450, 156 ஜிகாபைட், ஆக மொத்தம் 814 ஜிகாபைட் ஆகின்றன. எழுத்துத் தரவோ மிகச் சிறிது. யூனிகோடின் யூடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டெண்ணும் 3 பைட்டுகள் கொள்ளுமாயினும், பத்து இலட்சம் சொற்கள் கொண்ட தரவகம் சில பத்து மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு மணி நேர ஒலிப்பதிவின் அளவைக்கூட எட்டாமல் இருக்கலாம்.

இக்கணிப்பு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. பெரும்பாலான மொழியாய்வாளருக்கு 2 டெராபைட் கொள்ளளவே போதுமானது. விற்பனையாளர் பரிந்துரைக்கும் நான்கு, எட்டுத் தட்டுப் பெட்டிகள் தேவையற்றவை. மிஞ்சும் பணத்தை இரண்டாம், மூன்றாம் படிகளுக்குச் செலவிடலாம். 2 டெராபைட் என விற்கப்படும் தட்டினைச் சில இயங்குதளங்கள் 1.82 எனக் காட்டும். உற்பத்தியாளர் 1000இன் மடங்குகளாலும் அவ்வியங்குதளங்கள் 1024இன் மடங்குகளாலும் கணக்கிடுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். தட்டில் குறையேதும் இல்லை.

4. கருவிகள்

4.1. கணினி

கோப்புகளை வைத்து வழங்கும் பணிக்கு மிகுந்த கணிப்பாற்றல் தேவையில்லை. மூன்று வகைக் கருவிகள் பொருத்தமானவை.

முதலாவது, ஒற்றைப்பலகைக் கணினி. 2012இல் 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் தொடக்க வடிவங்களில் வலையமைப்பும் வன்தட்டும் ஒரே குறுகிய தடத்தைப் பகிர்ந்துகொண்டமையால் கோப்புப் பரிமாற்றம் மிக மெதுவாக நடந்தது. 2019இல் வந்த நான்காம் வடிவம் யூஎஸ்பி 3.0 வாயில்களையும் முழு ஜிகாபிட் வலையிணைப்பையும் பெற்றதால் இக்குறை நீங்கிற்று. ஆயினும், இரண்டு வன்தட்டுகளை இயக்கப் போதிய மின்சாரத்தை அதன் யூஎஸ்பி வாயில்களிலிருந்து எதிர்பார்க்கலாகாது. தட்டுகளுக்குத் தனி மின்னூட்டம் வேண்டும்.

இரண்டாவது, கைப்பெட்டி அளவான சிறு கணினி. 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற செயலிகளைக் கொண்டவை இப்பணிக்கு ஏற்றவை. இச்செயலியின் வெப்ப அளவு 6 வாட் எனக் குறிக்கப்படுகிறது. இது செயலிக்கு மட்டும் உரிய அளவாகும். தட்டும் நினைவகமும் சேர்ந்த முழுக் கருவியின் மின்தேவை இதனினும் மிகுதி. அலுவலகங்கள் கழித்து விற்கும் பழைய சிறு கணினிகளும் இவ்வகையின.

மூன்றாவது, பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய மடிக்கணினி. இதற்குச் செலவே இல்லை. மின்கலம் நன்னிலையில் இருப்பின் மின்தடையையும் சிறிது நேரம் தாங்கும். மின்கலம் உப்பியிருப்பின் அதனை உடனே அகற்றிவிடுதல் வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்தலாமே என்ற வினா இங்கு எழும். வாங்கும் செலவு அதற்கில்லை என்பது உண்மை. ஆனால் மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடையறாது 15 வாட் கொள்ளும் கருவி ஆண்டுக்கு 131 யூனிட் மின்சாரத்தையும், 60 வாட் கொள்ளும் மேசைக் கணினி 526 யூனிட்டையும் செலவிடும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுச் செலவு முறையே 920 ரூபாயும் 3,680 ரூபாயும் ஆகும். ஐந்தாண்டுகளில் இவற்றின் வேறுபாடு 13,800 ரூபாயை எட்டுகிறது. விலையின்றிக் கிடைத்த கருவி ஐந்தாண்டுகளில் விலையுள்ளதாகிவிடுகிறது.

4.2. தட்டுகள்

சுழலும் வன்தட்டு, திண்மநிலைத் தட்டு என இருவகை உண்டு. முன்னது டெராபைட் கணக்கில் மலிவு. பின்னது அதிர்வும் ஒலியும் அற்றது, மின்சாரமும் குறைவாகவே கொள்வது. எனினும் திண்மநிலைத் தட்டினை மின்னூட்டமின்றிப் பல ஆண்டுகள் பெட்டியில் இட்டு வைத்தால் அதிலுள்ள தரவு நிலைத்திருக்கும் என நம்பவியலாது. ஆகவே நாள்தோறும் பயன்படும் தட்டு திண்மநிலையினதாகவும், எடுத்து வைக்கும் தட்டு சுழல்வகையாகவும் இருத்தல் நன்று.

சுழல்தட்டுகளிலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சிலவற்றில் தடங்கள் தனித்தனியே அமைகின்றன. வேறு சிலவற்றில், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் படியுமாறு எழுதப்படுகிறது. பின்னைய வகையில் ஓரிடத்தை மாற்றி எழுத வேண்டுமாயின் அண்டையிலுள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். படியெடுத்து ஒதுக்கி வைப்பதற்கு இது போதும்; இடையறாது மாற்றி எழுதும் வழங்கிக்கு ஏற்றதன்று.

4.3. வலையிணைப்பும் மின்தாங்கியும்

வழங்கியை வீட்டின் ரூட்டருடன் கம்பிவழியே இணைத்தல் வேண்டும். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் கடத்தலாம். ஒரு டெராபைட் தரவு இரண்டரை மணி நேரத்தில் படியெடுக்கப்படும். 100 மெகாபிட் வாயில்களையே கொண்ட ரூட்டரில் இதே பணிக்கு ஒரு நாளுக்குமேல் ஆகும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றால் கோப்பமைப்பு சிதையக்கூடும். சிறிய யூபிஎஸ் ஒன்று இதனைத் தவிர்க்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி மின்கலத்தின் பெயரளவுக் கொள்ளளவு 84 வாட் மணி. இதில் பாதியே பயன்படும் எனக் கொண்டாலும், ரூட்டரும் வழங்கியும் சேர்ந்து 20 வாட் கொள்ளுமாயின் இரண்டு மணி நேரம் தாங்கும். 80 வாட் கொள்ளும் மேசைக் கணினியாயின் அரைமணி நேரமே தாங்கும். குறைந்த மின்தேவையின் பயன் மின்கட்டணத்தோடு முடிவதில்லை என்பதற்கு இது சான்று. மின்கலம் தீரும் நிலையை யூபிஎஸ் வழங்கிக்கு உணர்த்தி, அது முறைப்படி தானே அணையுமாறு செய்யும் இலவச மென்பொருள்களும் உள்ளன.

5. மென்பொருள்கள்

1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு இப்பணிக்கு அடித்தளமாக அமையும். கட்டளை வரிகளில் பழக்கமில்லாதோர், டெபியனின்மேல் கட்டப்பட்ட ஓப்பன்மீடியாவால்ட்டைப் பயன்படுத்தலாம். இதன் அமைப்புகள் அனைத்தையும் மற்றொரு கணினியின் உலாவியிலிருந்தே செய்துகொள்ளலாம். இரண்டும் கட்டணமில்லாதவை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகள் மூன்றும் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்வது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் இதனை எழுதத் தொடங்கினார். விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் மூன்றெழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைச் சொற்பட்டியலொன்றில் கணினி கொண்டு தேடி, கிடைத்தவற்றுள் ஒன்றையே அவர் பெயராகக் கொண்டார். எஸ்எம்பி நெறிமுறையின் முதல் வடிவத்தை வழங்கியில் முடக்கி வைத்தல் இன்றியமையாதது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பிணைத்தொகை நச்சுநிரல் அவ்வடிவத்திலிருந்த குறையின் வழியாகவே பரவியது.

6. இரட்டைப் பதிவும் காப்புப்படியும்

6.1. இரண்டும் ஒன்றல்ல

சேமிப்பு வழங்கி அமைப்போரிடம் பரவலாகக் காணப்படும் மயக்கம் இவ்விரு கருத்துகளையும் ஒன்றெனக் கொள்வதாகும். 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் பல மலிவான தட்டுகளை ஒருங்கிணைத்துப் பயன்படுத்தும் 'ரெய்டு' என்னும் முறையை விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதினர். இத்தலைப்பெழுத்துச் சொல்லின் மூன்றாம் எழுத்து முதலில் 'மலிவான' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைக் குறித்தது. பின்னர் வணிகத்தில் அதே எழுத்துக்குச் 'சார்பற்ற' எனப் பொருள்படும் சொல் வழங்கலாயிற்று. வடிவம் மாறாது பொருள் மாறிய சொல்லாக்கத்திற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. முறையின் அடிப்படை நோக்கம் மலிவே என்பதையும் இது நினைவூட்டுகிறது.

இம்முறையின் எளிய வகையில், எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் பதிகிறது. ஒரு தட்டு பழுதுற்றாலும் பணி தடைப்படாது. ஆனால், கோப்பொன்றைத் தவறுதலாக அழித்தால் அது இரு தட்டுகளிலும் அக்கணமே அழியும். நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். திருட்டோ தீயோ நேரின் இரண்டும் சேர்ந்தே போகும். ஆதலால் இரட்டைப் பதிவு, பணி தடையின்றி நடப்பதற்குரிய ஏற்பாடே, காப்புப்படி ஆகாது. இரண்டு தட்டுகள் மட்டுமே வாங்க இயலும் நிலையில், ஒன்றை வழங்கியிலும் மற்றொன்றை நாள்தோறும் படியெடுக்கும் தனித்தட்டாகவும் வைத்தல், இரண்டையும் இரட்டைப் பதிவில் இணைப்பதினும் சிறந்தது. மொழித்தரவைப் பொறுத்தவரை சில மணி நேரத் தடை பெரிதன்று, இழப்பே பெரிது.

6.2. மூன்று படிகள்

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய மூன்று-இரண்டு-ஒன்று என்னும் விதி எளிதில் பின்பற்றத்தக்கது. தரவின் படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். மேற்கூறிய ஆய்வாளர்க்கு இது பின்வருமாறு அமையும்.

(1) வழங்கியிலுள்ள முதற்படி.
(2) வழங்கி ஒவ்வோர் இரவும் தானே எழுதும், தனித்தட்டிலுள்ள இரண்டாம் படி.
(3) மாதம் ஒருமுறை எழுதி, உறவினர் இல்லத்திலோ துறை அலுவலகத்திலோ வைக்கும் மூன்றாம் படி.

இரண்டாம் படியை எழுதும்போது ஒரு நுட்பம் கருதத்தக்கது. மூலத்தில் அழிந்ததைப் படியிலும் அழிக்கும் முறை தவறுகளையும் உடன்படியெடுக்கும். ரெஸ்டிக், போர்க் முதலிய மென்பொருள்கள் ஒவ்வோர் இரவின் நிலையையும் தனித்தனியே நினைவிற்கொள்கின்றன. மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமையால் இடமும் மிகுதியாகக் கொள்வதில்லை. மூன்று வாரத்திற்கு முன் இருந்த எழுத்துப்பெயர்ப்பை மீட்க வேண்டின் அந்நாளின் நிலைக்குத் திரும்பலாம்.

6.3. சரிபார்த்தல்

தட்டு முற்றிலும் பழுதுறுவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. ஓரிரு பிட்டுகள் மட்டும் மாறி, கோப்பு திறந்தும் உள்ளடக்கம் சிதைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. இதனை உணராமல் ஆண்டுதோறும் படியெடுத்தால், பிழைபட்ட வடிவமே எல்லாப் படிகளிலும் பரவும்.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். இரண்டு சுவடிகள் மட்டும் இருந்து, அவை ஓரிடத்தில் வேறுபட்டால், எது மூலபாடம் என்பதை அவ்விரண்டைக் கொண்டே துணிதல் அரிது. பொருள், யாப்பு, உரை ஆகிய புறச்சான்றுகள் வேண்டும். இரு தட்டுகளில் எழுதப்பட்ட ஒரே கோப்பு ஓரிடத்தில் வேறுபட்டாலும் நிலை இதுவே. எளிய இரட்டைப் பதிவு முறை வேறுபாடு உண்டென்பதை மட்டும் கூறும். எது சரியென்று கூறாது.

கணினியில் அத்தகைய புறச்சான்றாக அமைவது சரிபார்ப்பு எண். கோப்பு முழுவதையும் ஒரு கணித வாய்ப்பாட்டில் இட்டுப் பெறும் குறுகிய எண் அது. எஸ்எச்ஏ-256 என்னும் வாய்ப்பாடு எத்துணைப் பெரிய கோப்பிற்கும் 64 பதினறும இலக்கங்கள் கொண்ட எண்ணைத் தரும். கோப்பில் ஒரு பிட்டு மாறினும் எண் முற்றிலும் வேறாகும். 2005இல் சன் நிறுவனம் மூலநிரலோடு வெளியிட்ட இசட்எப்எஸ், பின்னர் லினக்ஸில் வந்த பிடிஆர்எப்எஸ் ஆகிய கோப்பமைப்புகள், எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண்ணையும் உடன் எழுதி வைக்கின்றன. இரு தட்டுகளும் முரண்பட்டால் எண்ணோடு பொருந்தும் படியைக் கொண்டு மற்றதைத் திருத்திக்கொள்கின்றன. மாதம் ஒருமுறை தட்டு முழுவதையும் இவ்வாறு சோதிக்குமாறு ஏற்பாடு செய்யலாம்.

வேறு கோப்பமைப்பைப் பயன்படுத்துவோர், களத்திலிருந்து வந்த அன்றே ஒலிக்கோப்புகளுக்கெல்லாம் சரிபார்ப்பு எண் கணித்து, ஓர் உரைக்கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வைத்தல் வேண்டும். நூலகங்களும் காப்பகங்களும் கையாளும் பேக்இட் என்னும் பொதிவு முறை இக்கருத்தின் அடிப்படையிலேயே அமைந்தது. இம்முறையைத் தொடக்கத்திலேயே பின்பற்றினால், பின்னாளில் காப்பகத்தில் ஒப்படைக்கும் பணியில் பாதி முடிந்துவிடுகிறது.

சரிபார்த்தலின் இறுதிப்படி, மீட்டெடுத்துப் பார்த்தல். ஆறு மாதங்களுக்கொருமுறை ஐந்தாறு கோப்புகளை மூன்றாம் படியிலிருந்து எடுத்து, எண்ணை ஒப்பிட்டு, உரிய மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். மீட்டெடுத்துப் பாராத படியை உள்ளதெனக் கணக்கிடலாகாது.

7. கோப்புப்பெயரும் தமிழ் எழுத்தும்

வழங்கியில் பல இயங்குதளங்கள் சந்திப்பதால் கோப்புப்பெயர்களில் சில சிக்கல்கள் எழுகின்றன. பொதுவான கையேடுகளில் இடம்பெறாத இவை தமிழ்த் தரவுகளைக் கையாள்வோர் அறிய வேண்டியவை.

7.1. ஒரே எழுத்து, இரு குறியீடு

யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறி 3018 என்னும் ஒரே எண்ணாலும் குறிக்கப்படலாம். எகரக் கொம்பு 3014, கால் 3006 என்னும் ஈரெண்களின் சேர்க்கையாலும் குறிக்கப்படலாம். ஓகாரக் குறியும் 3019 என்னும் எண்ணாலோ, 3015, 3006 என்பவற்றின் சேர்க்கையாலோ அமையும். ஔகாரக் குறியும் ஔ என்னும் உயிரெழுத்தும் இவ்வாறே இருவகையில் அமைவன. யூனிகோடு இவ்விரு வடிவங்களையும் நிகரானவை எனவே வரையறுக்கிறது. திரையில் வேறுபாடு தெரியாது.

ஆனால் லினக்ஸ் கோப்பமைப்புகள் பொதுவாகப் பெயரைப் பைட்டுகளின் வரிசையாகவே கருதுகின்றன. மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்போ பெயர்களைப் பிரித்த வடிவிலேயே எழுதி வந்தது. அதிலிருந்து வந்த 'கோத்தர்' என்னும் கோப்புறையும், விண்டோஸில் தட்டச்சான 'கோத்தர்' என்னும் கோப்புறையும் வழங்கியில் அருகருகே இரண்டாகக் காணப்படலாம். ஒன்றில் கதைகளும் மற்றொன்றில் பாடல்களும் சேர்ந்து, தேடும்போது ஒன்று மட்டும் அகப்படும். பெயர்களைச் சேர்ந்த வடிவிற்கு மாற்றித் தரும் சிறுநிரல்கள் உள்ளன. படியெடுக்கும் முன் அவற்றை இயக்குதல் வேண்டும்.

7.2. பெயரின் நீளம்

லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. 'கோத்தர்' என்பது எழுத்தெண்ணிக்கையில் நான்கு; குறியீட்டெண்களில் ஏழு; பைட்டுகளில் இருபத்தொன்று. இவ்விகிதப்படி ஏறத்தாழ 48 தமிழெழுத்துகளில் பெயர் எல்லையை எட்டிவிடும். விண்டோஸின் எல்லை வேறு வகையில் கணிக்கப்படுவதால், அங்கு இடர்ப்பாடின்றி அமைந்த நீண்ட தமிழ்ப்பெயரை வழங்கி ஏற்க மறுக்கலாம். இரவில் தானாக நடக்கும் படியெடுப்பில் இத்தகைய கோப்பு விடுபட்டுப்போவது எவர் கண்ணிலும் படாது.

7.3. ஒலிபெயர்ப்பும் குறிகளும்

ரோமன் ஒலிபெயர்ப்பில் ளகர, ணகரங்களைப் பெரிய எழுத்தால் குறிக்கும் வழக்கம் மொழியியலாரிடம் உண்டு. அம்முறையில் 'வலி', 'வளி' என்னும் இரு சொற்களும் ஓரெழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களால் மட்டுமே வேறுபடும். லினக்ஸ் இவற்றை இரண்டு பெயர்களாகக் கொள்ளும். விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டு, ஒரு பதிவு மறைந்துபோக வாய்ப்புண்டு. மீட்டுருவாக்க வடிவங்களுக்கு முன் இடும் உடுக்குறி, வினாக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றையும் விண்டோஸ் பெயரில் ஏற்பதில்லை.

ஆகவே கோப்பின் பெயரில் ஐஎஸ்ஓ 639-3 தரத்தின் மூவெழுத்து மொழிக்குறி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி, தொடரெண் ஆகியவற்றை மட்டும் ரோமன் சிற்றெழுத்திலும் எண்ணிலும் அமைத்தல் நன்று. பேச்சாளர், ஊர், பொருள் முதலிய விவரங்கள் தமிழில் விரிவாகத் தனி அட்டவணையில் இடம்பெறலாம். பெயர் அடையாளத்திற்கு, விளக்கம் அட்டவணைக்கு.

7.4. கோப்பின் உள்ளடக்கம்

வழங்கி பைட்டுகளைக் காக்குமேயன்றி அவற்றின் பொருளைக் காப்பதில்லை. தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற டாம், டாப் முறைகளிலும், டிஸ்கி முறையிலும், பல தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சான கோப்புகள் இன்றும் பலரிடம் உள்ளன. இவற்றின் மூலத்தை மாற்றாது வைத்து, யூனிகோடில் மாற்றிய படியையும் எழுத்துருவையும் அருகில் வைத்தல் வேண்டும். எலான் போன்ற மென்பொருள்களின் குறிப்புக்கோப்பு, ஒலிக்கோப்பு இருக்குமிடத்தைத் தன்னுள் எழுதி வைத்துக்கொள்ளும். ஆதலின் இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்தால் இடமாற்றத்தால் தொடர்பு அறாது. மொழிபெயர்ப்பு நினைவகங்களை மென்பொருளின் சொந்த வடிவில் மட்டுமின்றி, டிஎம்எக்ஸ் என்னும் பொது வடிவிலும் சேமித்தல் வேண்டும். மென்பொருள் வழக்கொழிந்தாலும் அது வெறும் உரைக்கோப்பாகப் படிக்கக் கிடைக்கும்.

8. மறைகாப்பு

பேச்சாளர் தம் குடும்பம், வழிபாடு, வழக்கு ஆகியன பற்றிக் கூறியவை ஒலிப்பதிவில் இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் வெளியாருக்குக் காட்டலாகாத ஆவணங்கள் இருக்கும். எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இயற்றப்பட்டிருப்பதால் இதன் சட்டப் பக்கமும் கருதத்தக்கது. எனவே வழங்கியை இணையத்திற்கு நேரே திறந்து வைத்தலாகாது. வெளியூரிலிருந்து அணுக வேண்டின், வயர்கார்டு போன்ற மறையாக்கத் தடத்தின் வழியே அணுகலாம். வீட்டிற்கு வெளியே வைக்கும் மூன்றாம் படி மறையாக்கம் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நம்பத்தக்க ஒருவரிடம் உறையிலிட்டு வைத்தலும் இன்றியமையாதது. உரியவர் மறைந்தபின் கடவுச்சொல்லும் மறைந்தால், தரவு இருந்தும் இல்லாததாகும்.

9. முடிவுரை

சேமிப்பு வழங்கிக்கு வேண்டும் கருவிகள் எளியவை; மின்தேவை ஒரு சிறு விளக்கின் அளவினது; மென்பொருள்கள் கட்டணமற்றவை. செலவாவது பெரும்பாலும் தட்டுகளுக்கே. அச்செலவை ஒரே பெட்டியின் கொள்ளளவைப் பெருக்குவதில் இடாது, மூன்று தனித்தனிப் படிகளாகப் பகிர்தல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் சரிபார்ப்பு எண்ணும், பெயர்களுக்கு ஓர் ஒழுங்கும், ஆறு மாதத்திற்கொருமுறை மீட்டெடுப்புச் சோதனையும் அமைதல் வேண்டும்.

ஓலைச்சுவடிகள் நிலைத்தது ஓலையின் உறுதியால் அன்று. சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதி, மூலத்தோடு ஒப்புநோக்கியோர் தலைமுறைதோறும் இருந்தமையால். வன்தட்டின் வாழ்நாள் ஓலையினும் குறுகியது. படியெடுக்கும் உழைப்பு மட்டும் இன்று மிக எளிதாகியுள்ளது. களத்திலிருந்து இனித் திரும்பும் ஒலிப்பதிவு எதுவாயினும், அது வந்த வாரத்திலேயே மூன்றிடத்தில் இருத்தலை ஒவ்வோர் ஆய்வாளரும் தம் பணியின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.